சர்வர் அறைக்கு வருகிறவர்கள்

மருத்துவமனையின் சர்வர் அறைக்குக் கதவு ஒன்று, சாவியும் ஒன்று; ஆனாலும் இலவச மென்பொருளுக்கு மாறிய வாரத்திலிருந்து முன்பின் தெரியாதவர்கள் உள்ளே வந்துபோனார்கள். சர்வர்களை அடுக்கிய ரேக்குக்குப் பின்னால், பூனைகூட நுழைய முடியாத இடுக்கிலிருந்து வெளிப்பட்டு, பழுதைச் சரிசெய்துவிட்டு அதே வழியே திரும்பினார்கள். ஒருவர் தோளில் பனித்தூள் இருந்தது. சாவியை இடுப்பில் வைத்திருந்த கணினிப் பிரிவுத் தலைவியை எல்லோரும் பெரியக்கா என்றார்கள். டாக்டர்களின் திரைக்கும் தகவல் கிடங்குக்கும் நடுவே நின்று கேட்டதையெல்லாம் எடுத்துக்கொடுக்கும் அந்த மென்பொருளை, லாபம் பார்க்காத ஏதோ ஒரு சங்கம் எழுதி, கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். பெரியக்கா வாலையும் தூக்கிப் பார்க்கிறவள்.

“உங்களுக்கு யாரு படியளக்கிறாங்க?” என்று அப்படி வந்த ஒருத்தியிடம் கேட்டாள்.

“எங்க ஊர்லயும் இதேதாங்க ஓடுது. இங்க உடைஞ்சது நாளைக்கு அங்கயும் உடையும்.”

“நான் கேட்டதுக்கு இது பதில் இல்லையே.”

டயாலிசிஸுக்கு அதே மருத்துவமனைக்கு வந்துகொண்டிருந்த பெரியக்காவின் தம்பி சிரித்தான். “மாமாகூடத்தான் கல்யாணம் ஆனதுலேர்ந்து சும்மா இருக்காரு. அவரை என்னிக்காவது கேட்டியாக்கா?”

ஒரே நேரத்தில் இருவருக்கு முறை பதிவானால், அந்த மென்பொருள் ஒருவரை ஓசையில்லாமல் விழுங்கியது. பெரியக்காவே அந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினாள். திருத்தத்தைச் சங்கத்துக்கு அனுப்புவதுதான் வழக்கம். அவர்கள் அலசி, ஓட்டுப்போட்டு, எல்லோருக்குமாகச் சேர்ப்பார்கள். “நான் கண்ணு எரிய உக்காந்து கண்டுபிடிச்சதை எவனோ வித்துத் திங்கவா?” என்று அவள் அனுப்பவில்லை. அதனால் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் அவள் திருத்தம் அழிந்தது. அவளும் மறுபடி ஒட்டினாள். வருடங்கள் இப்படியே போயின. வருகிறவர்கள் வேலை முடிந்ததும் எதையோ எதிர்பார்ப்பதுபோல அவள் முகத்தைப் பார்த்துச் சற்று நின்றுவிட்டுப் போவார்கள். அதுவும் அவளுக்குச் சந்தேகமாகவே பட்டது.

அவள் விடுப்பில் இருந்தபோது ஒரு பதிப்பு ஏறியது. தம்பியின் முறை காணாமல்போனது. கூப்பிடுவார்கள் என்று அவன் கால் வீங்க பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். அவள் ஓடிவந்தபோது மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். அவன் பிழைத்துக் கண் திறந்த அன்றே திருத்தத்தை அனுப்பினாள். சங்கத்தார் துருவித் துருவிக் கேள்வி கேட்டார்கள். அவர்கள்மேல் அவளுக்கு முதன்முறையாக மரியாதை வந்தது. அடுத்த பதிப்பில் அது சேர்ந்தது.

பிறகொரு நாள் கேபிள் பார்க்க ரேக்குக்குப் பின்னால் போனவள், வேறொரு ஊரின் சர்வர் அறையில் வெளிவந்தாள். அங்கே இன்னும் பழைய பதிப்பு; அவளுக்குப் பழக்கமான அதே பழுதுதான். குனிந்து சரிசெய்தாள். சாவியைக் கையில் இறுக்கியபடி ஒரு ஒல்லி மனிதர் கேட்டார்:

“காசு யாரு குடுக்கறாங்க?”

“யாரும் இல்லீங்க.”

“நம்பச் சொல்றீங்களா?”

“நம்ப வேணாம். ஒரு நாற்காலி மட்டும் போட்டு வைங்க, இடுப்பு விட்டுப்போகுது.”

மறுநாள் தன் சர்வர் அறையிலும் ஒரு நாற்காலி போட்டாள். அதை ரேக்கோடு சங்கிலியால் பிணைத்துப் பூட்டவும் மறக்கவில்லை.