மறு தேதி அறிவிக்கும்வரை

புயல் கரையிலிருந்து பதினெட்டுக் கிலோமீட்டர் தள்ளி நான்கு வருடம் ஏழு மாதம், ஒரே ஒரு தடவை தவிர, அசையாமல் நின்றது. நகரசபைத் தேர்தலுக்குத் தேதி குறிக்காததுதான் காரணம். வானிலை நிலையத்தார் முதல் வருடம் முழுக்க இதை ஒப்புக்கொள்ளவில்லை. கடல் சூடு, மேல்காற்று என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். பாவம், படித்தவர்கள் வேறென்ன சொல்வார்கள். இரண்டாவது வருடம் அவர்களே தினசரி அறிக்கையின் அடியில் 'தேர்தல் நிலவரத்துக்கு உட்பட்டது' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார்கள்.

புயலை அங்கே நிறுத்திவைத்தது யார் என்று ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். நகரசபைக் கட்டடத்தின் மாடியில் மூன்று மேசையும் ஒரு இரும்பு அலமாரியும் போட்ட அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த தேர்தல் அதிகாரி அவள். ஊருக்குத் தேர்தலம்மா. வாக்காளர் பட்டியலைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள், செத்தவர் பெயரை மறுநாளே அடித்துவிடுவாள் என்று பெயர் வாங்கியவள். முதலில் குறித்திருந்த தேர்தலுக்கு முந்தின நாள், புயல் சரியாக வாக்குப்பதிவு தொடங்கும் காலை ஏழு மணிக்குக் கரையைத் தொடும் என்று தந்தி மேல் தந்தி வந்தது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நடுப்பகலில் ஒத்திவைப்பு அறிவிப்பைத் தட்டச்சு செய்தாள். பதினான்கு வருடப் பழக்கத்தில் விரல்கள் தாமாகவே கடைசி வரியையும் அடித்தன: மறு தேதி அறிவிக்கும்வரை நிறுத்திவைக்கப்படுகிறது. எது நிறுத்திவைக்கப்படுகிறது என்று எழுத மறந்துவிட்டாள். கடைநிலை ஊழியர் பசை வாளியை எடுத்துப் போய் வாசல் பலகையில் ஒட்டினார். பசை காய்ந்த நேரமும் புயல் நின்ற நேரமும் ஒன்று.

அன்று காலையில்தான் அவளுடைய கணவன், துறைமுகத்து இழுவைப் படகின் எஞ்சின் டிரைவர், பழுதாகி ஆளில்லாமல் நின்ற ஒரு தோணியைக் கட்டி இழுத்துவரத் தனியாகப் போயிருந்தான். மாலை ஆறு மணிக்குத் துறைமுக வயர்லெஸ் அறையில் அவன் குரல் வந்தது. "இங்க காத்தே இல்ல. வானம் பளிச்சுனு நீலமா இருக்கு. சுத்தி நாலு பக்கமும் சுவர் மாதிரி கருப்பா நிக்குது. எந்தப் பக்கம் போனாலும் படகைத் திருப்பி விட்டுடுது." புயலின் கண்ணுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறான் என்று வயர்லெஸ்காரர் சொன்னார். தன் கையால் அடித்த ஒரு வரி தன் வீட்டுக்காரனை நடுக்கடலில் ஆணி அடித்து நிறுத்திவிட்டது என்பது அந்த நிமிடமே புரிந்தது. வரியைப் பற்றி யாரிடமும் மூச்சுக் காட்டவில்லை.

மனுஷன் எதற்குத்தான் பழக மாட்டான்! கிழக்கே சுவர் நின்றதால் சூரியன் ஒரு மணி நேரம் தாமதமாக உதித்தது. பள்ளிக்கூடமும் சந்தையும் மணியைத் தள்ளி வைத்துக்கொண்டன. காற்றில் சிதறாமலிருக்கச் சன்னல் கண்ணாடிகளில் ஒட்டிய நாடாவை யாரும் எடுக்கவில்லை. பிள்ளைகள் படம் வரைந்தால் கடலுக்கு மேல் ஒரு கருப்புப் பட்டையைத் தீட்டிவிட்டுத்தான் மேகம் போட்டார்கள். துறைமுகக் கம்பத்தில் ஏற்றிய பத்தாம் எண் எச்சரிக்கைக் கூண்டு துருப்பிடித்து விழுந்து, புதுக் கூண்டு ஏற்றினார்கள். ஆனால் பயம் மட்டும் பழகவே இல்லை. கதவு படீரென்று சாத்தினால் தெருவே வெளியில் வந்து கிழக்கே பார்க்கும்.

இரண்டாவது வருடம் மேலிடத்து உத்தரவின்படி அவள் ஒரு தேதியை அறிவித்தாள். பலகையில் ஒட்டி அரை மணி நேரத்துக்குள் புயல் நகர ஆரம்பித்தது. பதினேழு கூரைகள் பறந்தன, மீன் ஏலக்கூடம் இருந்த இடம் தெரியாமல் போனது. தலைவர், அதாவது பதவிக்காலம் முடிந்தும் எழுந்திருக்காததால் ஊரார் நாற்காலி என்று அழைத்த நகரசபைத் தலைவர், செருப்புகூடப் போடாமல் ஓடிவந்து அறிவிப்பைக் கிழித்தெறிந்தார். புயல் ஷெட்டுக்குள் பின்னால் போகும் பேருந்து போல மெதுவாகப் பழைய இடத்துக்கே போய் நின்றது. அன்றிலிருந்து தலைவருக்கு யோகம் அடித்தது. "நான் இருக்கிற வரைக்கும் அது அங்கயே நிக்கும்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, அதில் பொய் ஒன்றுமில்லை.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கேட்கப் போனவர்களிடம் அவர் கிழக்கே விரலை நீட்டினார். பிரசவ வார்டைப் பூட்டியபோதும் அதே விரல். கேட்டவர்கள் வாயை மூடிக்கொண்டு திரும்பினார்கள். போகப்போகத் தேதி என்ற சொல்லையே ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை என்றானது. கல்யாணப் பத்திரிகைகளில் மணி இருக்கும், நாள் இருக்காது. யாரையாவது காதோடு காதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆசிரியைகள் கரும்பலகையின் மூலையில் நாள் எழுதுவதை விட்டார்கள். நாட்காட்டிகளைச் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டினார்கள்.

தேர்தலம்மா தினமும் மாலை ஆறு மணிக்கு மகளைக் கூட்டிக்கொண்டு வயர்லெஸ் அறைக்குப் போனாள். அப்பா போகும்போது நான்கு வயதாக இருந்தவள் அந்த அறையில்தான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினாள், பல் விழுந்ததை அங்கேதான் அப்பாவிடம் சொன்னாள். படகின் டீசல் அளவு காட்டும் முள் அவன் கிளம்பிய நாளில் இருந்த இடத்தை விட்டு இறங்கவே இல்லை. மீன் பிடித்தான், மழைத் தண்ணீர் குடித்தான். அவனோடு மாட்டிக்கொண்ட ஆயிரத்துச் சொச்சம் பறவைகள் கொடிமரத்திலும் கயிற்றிலும் அடைந்தன. கண்ணின் விளிம்பைத் தாண்டப் பறந்த ஒன்றுகூட வெளியே போய்ச் சேரவில்லை என்பதை அவன் ஒரே ஒரு முறை சொன்னான். வீட்டுக்கு வர வழி செய் என்று அவன் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றும்.

ஐந்தாவது வருடத்தின் ஒரு மாலையில், மகள் வெளியே போயிருந்த நேரம், அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஏம்மா, இந்தக் கண்ணு சின்னதாகிட்டே வருது. ஆறு மாசம் முன்ன ஒன்பது கிலோமீட்டர் இருந்துச்சு. இப்ப மூணுதான். நீ பயந்துடாதே, சும்மா சொன்னேன்."

பயப்படாமல் எப்படி இருப்பது? தேதி குறிக்காவிட்டால் மூன்று மாதத்தில் கண் மூடிக்கொள்ளும், அவன் முடிந்தான். குறித்தால் கண் அவனைக் கரைக்குக் கொண்டுவரும், ஆனால் புயலும் ஊர்மேல் ஏறும். தேர்தல் நடத்துவது தன் கடமை, ஊர் தலைவரின் விரலுக்கு நடுங்கிக் கிடக்கிறது என்றெல்லாம் அவள் தனக்குத்தானே நியாயம் சொல்லிப் பார்த்தாள். அத்தனையும் உண்மை. அத்தனைக்கும் அடியில் என் புருஷன் எனக்கு வேண்டும் என்ற ஒன்று கிடந்தது, அதைப் பார்க்கத்தான் அவளுக்கு மிகவும் பயமாக இருந்தது. எப்படியோ மோப்பம் பிடித்துத் தலைவர் மாடியேறி வந்தார். "ஏம்மா, உங்க வீட்டுக்காரர் ஒருத்தருக்காக ஊரையே தூக்கிக் குடுப்பீங்களா? மனசாட்சி இல்லையா?" என்றார். அவர் போனதும் அவள் தேதியைத் தட்டச்சு செய்து, அறிவிப்பைத் தானே கீழே கொண்டுபோய், தானே பசை தடவி ஒட்டினாள். அடியில், மலைமேல் இருக்கும் கல் கிடங்குகளுக்கு எல்லோரும் போய்விட வேண்டும் என்று எழுதியிருந்தாள். தலைவர் நகம் தேயச் சுரண்டிப் பார்த்தும் இந்த முறை தாள் கிழியவில்லை. தேர்தலே நடக்காது, வீட்டை விட்டு யாரும் அசைய வேண்டாம் என்று தலைவர் ஒலிபெருக்கியில் ஊரைச் சுற்றிச் சொன்னார். ஊர் அவர் சொன்னதைக் கேட்டது.

புயலின் முன்பாதி வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் மாலை வந்தது. ஜனங்கள் கட்டிலுக்கும் மேசைக்கும் அடியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிடந்தார்கள். வீட்டுச் சுவர்கள் வெடித்தன, கிழக்குத் தெரு கடலோடு போனது, ஆறு பேர் செத்தார்கள். மறுநாள் சரியாக ஏழு மணிக்கு யாரோ பொத்தானை அணைத்த மாதிரி எல்லாம் நின்றது. நான்கரை வருடத்தில் ஊர் முழுசாகப் பார்க்காத நீலவானம் தலைக்கு மேலே இருந்தது. ஊரைச் சுற்றிக் கருப்புச் சுவர் வானம் வரை எழும்பி நின்றது. பள்ளிக்கூடத்தில் தேர்தலம்மா பெட்டியைத் திறந்து காலி என்று காட்டிப் பூட்டி அரக்கு வைத்தாள். ஜனங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி வரிசையில் வந்து நின்றார்கள்.

அவன் படகு ஏழேகாலுக்குத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அவளால் வாக்குச்சாவடியை விட்டு நகர முடியாது, சட்டம் அப்படி. மகள்தான் ஓடினாள். அவன் நேராக வரவில்லை. இடிபாட்டில் கிடந்தவர்களை இழுத்து வெளியே போட்டுவிட்டு, ஐந்து மணிக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது, தாடியும் கிழிந்த சட்டையுமாக வரிசையின் கடைசியில் வந்து நின்றான். ஐந்து அடித்தால் வாசலை மூடி, வரிசையின் வாலிலிருந்து சீட்டுக் கொடுத்துக்கொண்டு வர வேண்டும். சீட்டு வைத்திருக்கும் கடைசி ஆள் வாக்களிக்கும் வரை வாக்குப்பதிவு முடிந்ததாகாது. தேர்தல் வேலை பார்த்த எவருக்கும் இது தெரியும். அவள் முதலாம் எண் சீட்டை அவன் கையில் வைத்தாள். அவன் கை சுட்டது. வெளியே சுவர் உறுமியது, ஆனால் நகரவில்லை. நான்கரை வருடமாக அறிவிப்பின் ஒவ்வொரு எழுத்துக்கும் கட்டுப்பட்ட புயல் இதற்கும் கட்டுப்படும் என்று அவள் போட்ட கணக்கு தப்பவில்லை.

மற்றவர்கள் எல்லோரும் போட்டு முடித்ததும் அவன் கேட்டான். "நான் போட்டா?"

"முடிஞ்சிடும். மிச்சப் பாதி வந்துடும்."

"அப்ப உக்காந்திருக்கேன். நீ ஆளுங்களை மேல அனுப்பு."

மூன்று நாள் அவன் வாக்குச்சாவடி பெஞ்சில் சீட்டோடு உட்கார்ந்திருந்தான். இந்த முறை யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நோயாளிகள், ஆடு மாடு, தையல் இயந்திரம், மருத்துவமனைக் கட்டில் எல்லாம் மலையேறின. மகள் அப்பாவின் மடியை விட்டு இறங்கவில்லை. அவன் அவளுடைய புது முன்பற்களை எண்ணிப் பார்த்தான். இரண்டாம் நாள் தலைவர் வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தார், குரல் தேனாக இருந்தது. "தம்பி, போடவே போடாதீங்க. அது பாட்டுக்கு நிக்கட்டும். நீங்களும் குடும்பத்தோட இருக்கலாம், நானும் இப்படியே இருந்துட்டுப் போறேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

தேர்தலம்மாவுக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான். கண்ணோடு வந்த பறவைகள் கண்ணோடுதான் போகும்; அவனும் கண்ணோடு வந்தவன். சீட்டு அவன் சட்டைப் பையில் இருக்கும்வரை அவன் இங்கே இருப்பான். ஆனால் தரையேறிய கண் இன்னும் வேகமாகச் சுருங்கியது; மூன்றாம் நாள் பகலில் சுவர் சந்தையை விழுங்கியது, பிறகு அஞ்சலகத்தை, பிறகு பள்ளிக்கூடத்தின் வேலியை. மலைக்கிடங்கில் கடைசிக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று மணி அடித்துச் சொன்னார்கள். மகளையும் அங்கே அனுப்பியிருக்கலாம். அவள் தூணைக் கட்டிக்கொண்டு போக மாட்டேன் என்று கத்தினாள்.

அவன் எழுந்தான். சீட்டை நீட்டினான். அவள் பட்டியலில் அவன் பெயரைத் தேடி, வாய்விட்டு வாசித்தாள், விதி அது. விரலில் மை வைக்கும்போது அது நகத்தைத் தாண்டி உள்ளங்கை வரை வழிந்தது. "ஏங்க, போகாதீங்க" என்றாள். போடாதீங்க என்று சொல்லவில்லை. "போகலை, போகலை" என்றான் அவன், மகளிடம் சொல்வது போல. மறைப்புக்குப் பின்னால் போனான். தாள் பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டது.

பின்பாதி இரண்டரை மணி நேரம் அடித்தது. பள்ளிக்கூடத்தின் பன்னிரண்டு அறைகளில் பதினொன்றுக்குக் கூரை போனது. பன்னிரண்டாவது அறையில், மறைப்புக்குப் பின்னால், அவனும் அவளும் மகளும் பெட்டியைக் கட்டிப் பிடித்தபடி நின்றார்கள். பக்கத்துச் சுவர் மாவாக உதிர்ந்தது. இவர்கள் நின்ற இடத்தில் மேசைமேல் இருந்த வாக்காளர் பட்டியலின் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டு அவன் சட்டையை முறுக்கிப் பிடித்திருந்தாள், எந்த நொடியும் துணி மட்டும் கையில் மிஞ்சும் என்று. சத்தம் மேற்கே போய் அடங்கிய பிறகுதான் கண்ணைத் திறந்தாள். பறவைகள் போயிருந்தன, படகு போயிருந்தது. அவன் இருந்தான்.

தலைவர் இருநூற்றுப் பதினோரு வாக்கில் தோற்றார். பிரசவ வார்டைப் பூட்டியபோது வேலை போன மருத்துவச்சி தலைவியானாள், முதல் வேலையாக வார்டைத் திறந்தாள். செத்துப்போன ஆறு பேரின் வீடுகளுக்கும் தேர்தலம்மா தனியாகப் போனாள், அந்த ஒரு வரியைப் பற்றிச் சொன்னாள். இரண்டு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஆறு பெயர்களையும் பட்டியலில் அடிக்க அவளுக்கு ஒரு வாரம் பிடித்தது.

அவனைச் சுற்றி எட்டடிக்குக் காற்று அடிப்பதில்லை. மருத்துவர்கள் அளந்து பார்த்துவிட்டு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். மகள் பட்டம் விடும்போது அவனைக் கிட்டே சேர்ப்பதில்லை. மற்றபடி தொந்தரவு என்று ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் மொட்டைமாடியில் துணி துவைத்துப் போடும் நேரத்தைத் தவிர. "ஏங்க, துணி காய வேணாமா? கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி உக்காருங்களேன்" என்பாள் அவள். அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மாடியின் மறுகோடிக்குப் போய் உட்காருவான், கொடியில் சட்டைகள் ஆட ஆரம்பிக்கும்.