கையோடு வந்த பிரிட்ஜ்

அப்பாவின் மேற்பலகை வளைந்த ஆர்ச்டாப் கிட்டாரில் மருமகள் மெல்லிய கம்பிகளைப் பூட்டி, கம்பிகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜ் கட்டையையும் திருகித் தாழ்த்தியிருந்தாள். சாயங்காலம் மேடையில் அதைத்தான் வாசிக்கப் போகிறாள். விரல் நுனி காய்த்துப்போன பரம்பரை எங்களுடையது. தடித்த கம்பி, நல்ல உயரம்; அதுதான் எங்கள் வீட்டு நாதம். ஊர் சிரிக்க விடுவேனா? தடித்த கம்பிக் கட்டு ஒன்றை வாங்கி வந்து, அவள் குளிக்கப் போனதும் ஆறு கம்பிகளையும் மொத்தமாகக் கழற்றினேன்.

பிரிட்ஜ் என் கையோடு வந்துவிட்டது.

அப்பா கீறல் விழாமல் காத்த பொருளை நானே உடைத்துவிட்டேன்!

"என்ன மாமா, பேயறைஞ்ச மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

"உடைஞ்சிடுச்சும்மா."

அவள் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "இதை ஒட்டவே மாட்டாங்க மாமா. கம்பி அழுத்துறதுலதான் நிக்கும். அதான் ஒவ்வொண்ணா மாத்தணும்."

வார்னிஷில் பதிந்திருந்த பழைய தடத்தில் பிரிட்ஜை வைத்தாள். பிறகு நான் வாங்கி வந்த கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

"இன்னைக்கு வாசிக்கப் போறது நீங்களா, நானா?"

இந்த வீட்டில் என்னை இப்படிக் கேட்டவர் எவருமில்லை. கழற்றிய மெல்லிய கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினேன்.