இட்லிப்பூச் செடிக்கு வந்த சிட்டு

மஞ்சக்குப்பத்துச் சடையப்பன் அன்று பொய்யே சொல்லவில்லை. அவர் வீட்டு இட்லிப்பூச் செடிக்குக் கட்டைவிரல் அளவுச் சிட்டு ஒன்று பட்டப்பகலில் வந்து, உட்காராமல் அந்தரத்தில் நின்றபடியே தேன் குடித்தது. அதைக் காட்டத்தான் மச்சான் இளவரசுவைக் கீரப்பாளையத்திலிருந்து வரவழைத்தார். செடியோ வெறிச்சென்று இருந்தது.

"கொள்ளிடத்து முதலைக்குப் பல்லு வெளக்குனேன்னீங்களே, அதே கதைதானா மாமா?"

"இல்ல மச்சான், சத்தியமா."

"நீங்க பாத்தது சிட்டு இல்ல, அந்துப்பூச்சி. இந்தச் செடியில வால்ல கொம்பு வெச்ச பச்சைப் புழு இருக்கும். அதுதான் மண்ணுக்குள்ள கூட்டுப்புழுவா கெடந்து, றெக்க மொளச்சி வரும். ஒரு புழுவக் காட்டுங்க, நம்புறேன்."

சடையப்பனோ, மச்சான் வருகிறாரே என்று செடியைச் சுத்தம் செய்து, கொம்புப் புழுக்களை எல்லாம் காலையில்தான் கோழிக்குப் போட்டிருந்தார்.

"புழுதான, இருக்கு," என்று கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உள்ள இருக்கு. கொழம்பு வெச்சதும் காட்டுறேன்."