இரண்டு மண்வெட்டி அகலம்

கண்டல் மரங்களுக்குள் படகு நுழைந்தபோதே பேச்சிமுத்துவுக்கு ஏதோ உறுத்தியது. வேர்களில் ஒரு சாண் உயரத்துக்கு ஈரம் கறுத்திருந்தது. சற்று முன்புவரை தண்ணீர் அந்த மட்டத்தில் நின்றிருக்க வேண்டும்.

"கடல் மாதிரி இங்கயும் ஏத்தம் எறக்கம் உண்டோ?" என்று கேட்டான்.

"பொழி அடஞ்சு கெடக்குல்லா, அண்ணா. இப்ப இது வெறும் குளமாக்கும்" என்றான் சுஜின்.

பூவாற்றில் ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் மணல்மேட்டைத்தான் பொழி என்றான். சுஜின் அங்குள்ள விடுதியின் படகோட்டி. பேச்சிமுத்துவின் மனைவி பூமாரி மூன்று வருடங்களாக அதே விடுதியில் படுக்கை விரிப்புகளை வெளுக்கிறாள். ஒருநாளாவது படகில் சுற்றிப் பார்க்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஆனி மாத மழையில் விருந்தாளிகள் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, வானமும் வெளுத்திருந்தது. சுஜின் சின்னப் படகை அவிழ்த்துவிட்டான். மணலில் நடந்து கடலைப் பார்க்க வேண்டும் என்றவளைப் பொழியின் நடுவில் இறக்கிவிட்டு, ஆண்கள் இருவரும் ஓடைகளைப் பார்க்க வந்திருந்தார்கள்.

பேச்சிமுத்து அங்கே இறங்கவில்லை. அந்த மணலை அன்று காலையில் போதும் போதும் என்று மிதித்திருந்தான். அதை அவளிடம் சொல்லவில்லை.

சுஜின் திடீரென்று எஞ்சினை நிறுத்தினான். ஒரு தேங்காய் மட்டை அவர்களைத் தாண்டிப் போனது. பின்னால் ஆகாயத்தாமரைக் கொத்து, ஒற்றைச் செருப்பு, சருகுகள். எல்லாம் ஒரே திசையில், வரிசை பிடித்தாற்போல. படகும் அதே திசையில் நழுவிக்கொண்டிருந்தது.

"வெள்ளம் கடலுக்கு இழுக்குது. எவனோ பொழிய முறிச்சிருக்கான்" என்றான் சுஜின். பிறகு மெதுவாக, "சேச்சி அங்கல்லா நிக்கா" என்றான்.

மேலே வயல்களில் வெள்ளம் கட்டி நிற்கிறது என்று மேஸ்திரி வேலாயுதன் அன்று விடியும்போதே பேச்சிமுத்துவையும் சேர்த்து எட்டுப் பேரைக் கூட்டிவந்திருந்தார். இரண்டு மண்வெட்டி அகலம், முழங்கால் ஆழம், அவ்வளவுதான் வாய்க்கால். யார் கேட்டாலும் கான்கிரீட் வேலை என்று சொல்லச் சொன்னார். கடைசிக் கட்டியைத் தள்ளியதும், "திரும்பிப் பாக்காம ஓடுங்கலே" என்றார். ஏதோ சாங்கியம் போல என்று சிரித்துக்கொண்டே ஓடினார்கள். சங்கரன்கோவில் பக்கம் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சியவன் பேச்சிமுத்து. அவனுக்குத் தெரிந்த தண்ணீர் வெட்டிவிட்ட இடத்தில் போகும். ஒரு வெட்டு மண்ணைப் போட்டால் நின்றுவிடும்.

சுஜின் எஞ்சினைக் கிளப்பித் தெற்கே திருப்பினான்.

"அந்தப் பக்கம் போகாத. வடக்க சுத்திப் போ."

"எதுக்கு?"

"தெக்கு முனையிலதான் வெட்டியிருக்கு."

"அண்ணனுக்கு எப்படி அறியாம்?"

பேச்சிமுத்து வடக்கே கையைக் காட்டினான். சுஜின் அவனை ஒரு கணம் பார்த்தான். பிறகு வடக்கே திருப்பினான்.

மரங்களை விட்டு வெளியே வந்ததும் இரைச்சல் கேட்டது. காலையில் தாண்டிக் குதித்த வாய்க்காலில் இப்போது இரண்டு பஸ்கள் பக்கம்பக்கமாகப் போகலாம். செம்மண் நிறத்தில் ஆறு கடலுக்குள் பாய்ந்தது. கரை பாளம் பாளமாக இடிந்து விழுந்தது.

இறக்கிவிட்ட இடத்தில் பூமாரி இல்லை. காலடித்தடம் தெற்கே போயிருந்தது. வெட்டுக்கு மிக அருகில், ஒரு தாழம்புதர் ஓரத்தில் அவளுடைய பச்சைச் சேலை தெரிந்தது.

பேச்சிமுத்து குதித்து ஓடினான். கத்திய கத்தெல்லாம் இரைச்சலில் கரைந்தது. பாதி தூரத்தில் அதைப் பார்த்தான்: அவளுக்குப் பின்னால் மணலில் குச்சியால் கீறியதுபோல ஒரு நீளக் கோடு. வெடிப்பு. வா வா என்று கையை ஆட்டினான். அவளும் சந்தோஷமாகக் கையை ஆட்டினாள். அதில் சிவப்பாக ஏதோ இருந்தது. அவன் வரட்டும் என்று அங்கேயே நின்றாள்.

போய்ச் சேர நேரமில்லை. கடைத்தெருவில் அவன் எப்போதும் முன்னால் நடந்துவிடுவான். அவள் வைதுகொண்டே பின்னால் ஓடிவருவாள். அது நினைவுக்கு வந்ததும் அவன் திரும்பினான். அவளை விட்டுவிட்டு, படகை நோக்கி, உயிர் தப்பி ஓடுகிறவனைப் போல ஓடினான். திரும்பிப் பார்த்தால் அவள் நின்றுவிடுவாள். அதனால் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் ஏதோ பெரிதாக இடிந்தது. அப்போதும் பார்க்கவில்லை.

படகின் விளிம்பைப் பிடித்த பிறகுதான் திரும்பினான். பூமாரி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தாழம்புதர் இல்லை.

"பொண்டாட்டிய விட்டுட்டு அப்படி என்ன ஓட்டம்?" என்று ஏறி உட்கார்ந்தாள். சுஜின் தண்ணீரின் இழுப்புக்கு எதிராக எஞ்சினை முழுதாக முறுக்கினான். நெடுநேரம் அலறியது. கரையில் சாய்ந்து நின்ற தென்னை நகராமல் அவர்களுக்கு நேராகவே நின்றது.

பூமாரி கையிலிருந்த அவனுடைய சிவப்புத் துண்டை விரித்தாள். ஓரத்தில் அவள் தைத்த ஒட்டு.

"இத எடுக்கத்தான் போனேன். புதர்ல கெடந்துச்சு. கான்கிரீட்டு வேலைன்னுல்ல சொன்னீக?"

சுஜின் தென்னையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அவனும் பதிலுக்குக் காத்திருந்தான்.

"ஏளா, அத வெட்டினது நான்தான்" என்றான் பேச்சிமுத்து.

அவள் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, அகன்றுகொண்டே போகும் அந்த வெட்டு வாயைப் பார்த்தாள். தென்னை ஒரு முழம் பின்னால் போனது. மறுபடி நேருக்கு வந்தது.