கொட்டாரத்து ஓலை

வேத வினாடி வினாவில் பூங்கனி டீச்சரை ஜெயித்தவர் அந்த வட்டாரத்துச் சபைகளில் கிடையாது. கேள்வி கேட்கிற சர்ச் ஐயர் நடுவில் மூச்சு வாங்கினால் போதும், அவள் கை மணியில் இருக்கும். பதிலோடு அதிகாரமும் வசனமும் சேர்ந்தே வந்து விழும். சண்டே ஸ்கூல் பிள்ளைகள் எதைச் சொன்னாலும் அவள் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "வசனம் எங்க?" பிள்ளைகள் அவளுக்கு மறைவில் வைத்திருக்கும் பெயரும் அதுதான். தெரிந்தும் அவள் கோபப்பட்டதில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை என்றுகூடச் சொல்லலாம்.

அந்தப் பெருமைக்குத்தான் இண்டர்நெட்டில் அடி விழுந்தது.

யூத மதத்தைப் பற்றிக் கேள்வி கேட்கவும் பதில் சொல்லவும் ஒரு தளம் இருப்பதை அவள் தற்செயலாகக் கண்டுபிடித்தாள். பல தேசத்து யூதர்கள் அங்கே கூடி ஒருவரையொருவர் கேள்வியால் குடைந்துகொண்டிருந்தார்கள். நல்ல பதிலுக்கு ஓட்டுப் போட்டார்கள். கேள்வி கேட்டவருக்குத் திருப்தி என்றால் அந்தப் பதிலின் பக்கத்தில் ஒரு பச்சை டிக் விழும். மோசேயின் சட்டங்களைத் தலைகீழாக ஒப்பிக்கிறவளுக்கு இதைவிடத் தோதான இடம் எங்கே கிடைக்கும்? பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் டீச்சர் ஆனதால் பாஷைக்கும் பஞ்சமில்லை. ஓய்வுநாளைப் பற்றி யாரோ கேட்டதற்கு வசனங்களை அடுக்கி ஒரு பதில் போட்டுவிட்டு, பச்சைக்காகக் காத்திருந்தாள்.

பதிலையே தூக்கிவிட்டார்கள். நாத்தான் என்று ஒருவர், அங்கே எல்லோரும் மதிக்கிற ஆள், மரியாதையாக எழுதியிருந்தார். வசனம் எங்களுக்கும் தெரியும். அதை வைத்து எங்கள் பெரியவர்கள் தலைமுறை தலைமுறையாக விவாதித்து என்ன முடிவுக்கு வந்தார்கள் என்பதுதான் கேள்வி. உங்கள் பதிலுக்கு ஆதாரம் என்ன?

வசனத்துக்கே ஆதாரம் கேட்கிறான் மனுஷன். பூங்கனிக்கு அன்று சோறு இறங்கவில்லை. விடுவாளா? இன்னொரு கேள்விக்கு இன்னும் அதிக வசனங்களோடு பதில் போட்டாள். அதற்கும் அதே கதி. சாயங்காலம் கடையடைத்து வருகிற புருஷன் யேசுரத்தினத்துக்கு இது நல்ல வேடிக்கையாகப் போய்விட்டது.

"டீச்சரே, பச்சை விழுந்துதா?"

"உங்க வேலையப் பாருங்க."

பிறகு அவள் எழுதுவதை விட்டுவிட்டு வாசிக்க ஆரம்பித்தாள். முதலில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் வாசித்தாள். பைய பைய அது பிடித்துப்போனது. ஒரு கேள்விக்குப் பதில் வந்தால் அதோடு முடிவதில்லை, அந்தப் பதிலிலிருந்து அடுத்த கேள்வி முளைத்தது. விவாதத்தில் தோற்றவரின் கருத்தையும் பெயர் சொல்லிப் பத்திரமாக வைத்திருந்தார்கள். வினாடி வினாவில் தோற்றவருக்கு ஒரு சோப்புப்பெட்டியைக் கொடுத்து அனுப்புவதோடு சரி. இவர்கள் நடுவில் ஒரே ஒரு பதிலாவது நிற்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. கோப்பை வாங்கும் ஆசையைவிட அது பெரிதாக இருந்தது.

காலாண்டுப் பரீட்சை லீவில் ஒரு மத்தியானம், சாப்பிட்ட கையோடு போனைத் திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

தோவ் என்பவர் கேட்டிருந்தார். காற்றாலை வேலைக்காக இந்தியாவின் தென்கோடியில் கொட்டாரம் என்ற ஊரில் மனைவியோடு தங்கியிருக்கிறேன். கூடாரப் பண்டிகைக்கு மொட்டைமாடியில் கூடாரம் போடவேண்டும். இங்கே தென்னை ஓலையை முடைந்து விற்கிறார்கள். ஆனால் படுப்பதற்கென்று செய்த பாயைக் கூரையாகப் போட்டால் கூடாரம் செல்லாது என்பது நம் சட்டம். கடைக்காரரிடம் விசாரித்தேன், உறங்குவதற்கு மிகவும் நல்லது என்று சொல்லிவிட்டார். பண்டிகை நெருங்கிவிட்டது. எங்களுக்குத் தெரிந்து இங்கே வேறு யூதர்கள் இல்லை. யாராவது வழி சொல்லுங்கள்.

கீழே ஒருவரும் பதில் போடவில்லை. ஓலை என்றால் என்னவென்றே பாதிப் பேருக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒருத்தி கொட்டாரத்தில் வீட்டு நடையில் உட்கார்ந்து நெஞ்சு படபடக்க அதை வாசித்துக்கொண்டிருந்தாள். படபடப்புக்கு இன்னொரு காரணமும் உண்டு. கொட்டாரத்தில் முடைந்த ஓலை விற்கிற பந்தல் கடை ஒன்றே ஒன்று. அதன் முதலாளி யேசுரத்தினம்.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாள். முதலாளி ஓலை அடுக்கின்மேல் மல்லாந்து உறங்கிக்கொண்டிருந்தார்.

"எழும்புங்க. வெள்ளக்காரன் ஒருத்தன் ஓலை கேட்டு வந்தானா?"

"வந்தான். பொண்டாட்டியையும் கூட்டிட்டு வந்தான்." யேசுரத்தினம் கண்ணைக் கசக்கினார். "இது என்னத்துக்கு உள்ளதுன்னு கேட்டான். நான் இங்கிலீசுல வெளக்குனேன்."

"என்னத்த வெளக்குனிய?"

"ரூஃபு, வேலி, பந்தல், எல்லாம் சொன்னேன். அவன் முகம் தெளியல்ல. வாங்காமப் போயிருவானோன்னு, ஸ்லீப்பிங் ஆல்சோ வெரி குட்னு கூட ஒண்ணு சேத்துச் சொன்னேன். அதோட ரெண்டு பேரும் மூஞ்சிய மூஞ்சியப் பாத்துட்டு எறங்கிப் போயிட்டாவ."

வாங்க வந்தவனிடம் ஒரு சாமானுக்கு ஒரு உபயோகம் மட்டும் சொல்லி அனுப்புகிற வியாபாரியை நம் பக்கத்தில் பார்க்க முடியாது. பூங்கனி தலையில் கைவைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"நம்ம ஊருல எவனாவது மொடஞ்ச ஓலையில படுப்பானா?"

"நான் படுக்கேன்லா."

அதுதான் சிக்கல். அவளுக்கும் அது தெரியும். கல்யாணமான நாளிலிருந்து தெரியும்.

"அத நீ எழுதாண்டாம்," என்றார் யேசுரத்தினம். "யாரும் படுக்கமாட்டாவன்னு எழுதி விடு. அவனுக்குப் பண்டிகை நடக்கும், ஒனக்குப் பச்சை விழும், எனக்கு ஓலையும் போவும். யாருக்கு என்ன நஷ்டம்?"

கணக்குப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. வீட்டுக்குத் திரும்பி அப்படியே எழுதவும் செய்தாள். யாரும் படுப்பதில்லை. எவ்வளவு அழகான வரி. நாத்தான் வந்து கடையை எட்டிப் பார்க்கப் போகிறாரா? ஆனால் அனுப்புகிற இடத்தில் விரலை வைக்க முடியவில்லை. ஒரு பாய்க்காக இவ்வளவு யோசிக்கிறவன் அந்தக் கூரையின் கீழ் உட்கார்ந்து கடவுளுக்கு நன்றி சொல்லப் போகிறான். அவன் தலைக்குமேலே தன் பொய்யைப் பரப்பிவைக்க அவளுக்கு மனசு வரவில்லை. அழித்தாள். உண்மையை எழுதினால் கூடாரம் நடக்காமல் போகலாம், இந்தப் பதிலையும் தூக்கிவிடலாம். போனால் போகட்டும் என்று எழுதினாள்.

"நான் கொட்டாரத்துக்காரி. இங்கே ஓலை முடைவது கூரைக்கும் பந்தலுக்கும் வேலிக்கும்தான். படுக்கிற பாய் வேறு, அதைக் கோரையில் நெய்வார்கள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு முடைந்த ஓலையை விரித்துப் படுக்கச் சொன்னால் அவர் மறுபடி எங்கள் வாசல் மிதிக்கமாட்டார். ஆனாலும் ஒன்றை மறைக்கக்கூடாது. வேலைக்காரர்கள் சிலர் மத்தியானம் அதன்மேல் சாய்வதுண்டு. உங்களிடம் பேசிய கடைக்காரர் தினமும் அதில்தான் உறங்குகிறார். அவர் என் கணவர்."

பழக்கதோஷத்தில் கடைசியில் மூன்று வசனங்களும் வந்து உட்கார்ந்துகொண்டன. அவற்றை அழித்துவிட்டு அனுப்பினாள். வசனம் இல்லாமல் ஒரு பதில் சொன்னது உடுப்பில் ஒரு பொத்தான் போடாமல் வெளியே வந்ததுபோல இருந்தது.

மறுநாள் காலையில் சாயா ஆறிக்கொண்டிருக்க, நாத்தானின் பதிலை வாசித்தாள்.

முடைந்த பாயைப் பற்றிப் பழைய சட்டநூல் தெளிவாகவே சொல்கிறது என்று அவர் எழுதியிருந்தார். படுப்பதற்காகச் செய்கிற ஊரில் அதைக் கூரையாகப் போடக்கூடாது. நிழலுக்காகச் செய்கிற ஊரில் போடலாம். அந்தந்த ஊரின் வழக்கமே முடிவு. ஊரெல்லாம் கூரைக்கு முடைகிற ஓலையில் ஒரு மனிதர் மத்தியானம் உறங்குவதால் அது படுக்கை ஆகிவிடாது. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

அதற்குக் கீழே தோவ் எழுதியிருந்தார். தன் மதகுருவான ரபியிடம் போனில் அவள் பதிலை வாசித்துக் காட்டினாராம். அவரும் சரி என்றாராம். அவள் பதிலின் பக்கத்தில் பச்சை டிக் விழுந்திருந்தது.

பூங்கனி அதை வேண்டிய மட்டும் பார்த்தாள். பிறகுதான் கடைசியில் கிடந்த ஒரு வரி கண்ணில் பட்டது. புதிதாக வந்த யாரோ கேட்டிருந்தார்: இந்தப் பதிலில் ஒரு நூலிலிருந்துகூட மேற்கோள் இல்லையே, இதற்கு ஆதாரம் என்ன?

மறுபடியும் அதே கேள்வி. அவள் ஒரு வரி தட்டி அழிப்பதற்குள் நாத்தான் பதில் போட்டுவிட்டார்.

"இவர்தான் ஆதாரம். சட்டம் ஊரைக் கேட்கச் சொல்கிறது. ஊர் பதில் சொல்லியிருக்கிறது."

பூங்கனி அழுதுவிட்டாள். வாங்கிய கோப்பைகள் எதற்கும் அவள் அழுததில்லை. அவை அவள் மனப்பாடம் செய்ததற்குக் கிடைத்தவை. இது அவள் பிறந்து வளர்ந்ததற்குக் கிடைத்தது. தோப்பில் குத்தவைத்து ஓலை முடைகிற பகவதியும் மற்றப் பெண்களும், பந்தல்காரர்களும், கொட்டாரம் முழுக்கவும் அந்தப் பச்சைக்குப் பின்னால் நிற்பதாக அவளுக்குத் தோன்றியது. நெஞ்சு நிமிர்ந்து போனது.

யேசுரத்தினம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"ஏட்டி, நான் உறங்குறத ஒலகத்துல உள்ள யூதனெல்லாம் படிச்சிருப்பானே."

"படிச்சிருப்பான். நீங்க உறங்குனதால ஊரு வழக்கம் மாறல்லன்னும் படிச்சிருப்பான்."

தோவ் கடையில் சொல்லிவிட்டுப் போன ஓலையைச் சாயங்காலம் இருவருமாக அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். மொட்டைமாடியில் கம்பு நட்டுச் சட்டம் கட்டியிருந்தது. தோவ் ஏணியில் நின்று தானே ஓலையைப் பரப்பினார். யேசுரத்தினம் கீழிருந்து எடுத்துக் கொடுத்தார். மழை பெய்தால் உள்ளே ஒழுகவேண்டும், நட்சத்திரமும் தெரியவேண்டும் என்று தோவ் சொன்னதும் அவருக்குத் தொழில் மானமே போய்விட்டது.

"நம்ம போட்ட கூரை ஒழுகுச்சுன்னு நாளைக்கு எவனும் சொல்லப்பிடாது," என்று முணுமுணுத்துக்கொண்டே இடைவெளி விட்டு எடுத்துக் கொடுத்தார்.

தோவின் மனைவி ஒரு ஓலையைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று பூங்கனியிடம் கேட்டாள்.

பூங்கனி அதை வாங்கித் திருப்பிப் பிடித்துக் காட்டினாள். "எங்கள் ஊரில் இப்படித்தான்," என்றாள் இங்கிலீஷில்.

தோவ் ஏணியிலிருந்து குனிந்து பார்த்து, அப்படியே வாங்கிப் போட்டார். வசனம் எங்கே என்று யாரும் கேட்கவில்லை.