ஏற்கெனவே இருந்த கணக்கு

வங்கியின் கண்ணாடிக் கதவைத் தள்ளும் முன் மெக்கானிக் தன் நகங்களை ஒருமுறை பார்த்துக்கொண்டான். ஐந்து வருடமாக ஏசி இயந்திரங்களின் வயிற்றுக்குள் கைவிட்டுப் பிழைக்கிறவன். நகக்கண்ணில் படிந்த கறுப்பு எந்தச் சோப்புக்கும் மசியவில்லை.

பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் ஏசி பராமரிப்பு வேலை அவனுக்கு வரப்போகிறது. பணத்தை அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில்தான் போடுவோம், மாலைக்குள் கணக்கு எண் வேண்டும் என்று மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். கணக்கு இருந்தால்தான் வேலை. அந்த வருமானம் இருந்தால்தான் மனைவியையும் மகளையும் இந்த நாட்டுக்குக் கூட்டிவர அனுமதி.

மூன்றாவது மேசையில் தமிழ் பேசும் பெண் இருந்தாள். பிழைக்க வந்தவர்களுக்கென்றே அவளை அங்கே உட்கார வைத்திருந்தார்கள்.

"புதுக் கணக்காண்ணா? பாஸ்போர்ட் குடுங்க."

தட்டினாள். நிறுத்தினாள். மறுபடி தட்டினாள்.

"உங்களுக்குத்தான் இங்க ஏற்கெனவே கணக்கு இருக்கே."

"எனக்கா? கையில சம்பளம் வாங்குற ஆளும்மா நான். வேற யாரையாவது பார்த்துட்டுச் சொல்றீங்க."

அவள் திரையைத் திருப்பினாள். கழுத்துப் பித்தான் வரை மாட்டிக்கொண்டு, பிடித்து நிறுத்திய திருடனைப் போல் விறைத்து நிற்கும் அவன் படம். கீழே கையெழுத்து. அவனுடையதேதான்.

"கணக்கு மட்டும்னா பரவாயில்ல. கடனும் இருக்கு. நாலு வருஷம் ஒழுங்கா கட்டிட்டு அப்புறம் விட்டுட்டீங்க. எங்க ஆளுங்க போன் பண்ணியே அலுத்துட்டாங்க."

அதில் இருந்த போன் எண் சகலையுடையது. மனைவியின் அக்காள் கணவர். அவனை இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தவர். அவர் வீட்டு உள்ளறையில்தான் இன்றும் படுக்கிறான். வந்த புதிதில் டை கட்டிய ஆள் ஒருவர் வீட்டுக்கு வந்ததும், சகலை அவருக்குக் காபி கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. "ரூம் பேப்பர் தம்பி. இந்த ஊர்ல எல்லாத்துக்கும் பேப்பர்தான். கண்ணை மூடிட்டுப் போடு" என்றார் சகலை. போட்டான்.

அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க வாங்கலேன்னா இப்பவே எழுதிக் குடுங்கண்ணா. போலீசுக்குப் போகும், வாங்குனவங்களைத் தூக்கிடுவாங்க. நீங்கதான்னா தவணை போட்டுத் தர்றேன். ஆனா இது முடியற வரைக்கும் இந்தக் கணக்கும் முடங்கித்தான் கிடக்கும், எந்த பேங்குலயும் புதுக் கணக்கும் கிடைக்காது. யோசிச்சு சொல்லுங்க."

படிக்கட்டுப் பக்கம் போய் போன் போட்டான்.

"அண்ணே, பேங்குல இருக்கேன்."

"எந்த பேங்கு?"

அந்தக் கேள்வியிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. அவன் கேட்கும் முன், சகலையே பேசினார்.

"நான் என்ன குடிச்சா அழிச்சேன்? அத்தைக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் பண்ணாங்களே, அதுக்குத்தாண்டா. எனக்கு ஏற்கெனவே ரெண்டு கடன். என் பேருக்கு எவனும் தரல."

மெக்கானிக் படியில் உட்கார்ந்துவிட்டான். அந்த ஆபரேஷன்! "மூத்த மாப்பிள்ளை இல்லேன்னா இந்நேரம் என் போட்டோவுக்கு மாலை போட்டிருப்பீங்க" என்று மாமியார் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். "சின்னவரும் அங்கதான் இருக்காரு. ஒரு ஆப்பிளுக்குக்கூட வழியில்ல." அந்த ஆப்பிளுக்காக மனைவி போனில் எத்தனையோ தடவை அழுதிருக்கிறாள்.

"அந்த ஆப்பிள் பேச்சுக்கு அப்புறமாவது சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொல்லணும்னுதான் இருந்தேன். எல்லாரும் புகழுறப்ப எப்படிடா குறுக்க பேசுறது?" சகலையின் குரல் இறங்கியது. "நீ வாங்கலேன்னு எழுதிக் குடுத்தா நான் உள்ள போயிடுவேன். அக்காவும் பசங்களும் நடுத்தெருவுல நிப்பாங்க. உன் கையிலதான் இருக்கு தம்பி."

காலையில் தன் டிபனைக் கட்டிக் கொடுத்த அந்த அக்காவின் முகம் வந்து நின்றது.

"சரி. ஒண்ணு மட்டும் செய்யுங்க. இன்னைக்கே அத்தைகிட்ட உண்மையைச் சொல்லிடுங்க."

"சத்தியமா சொல்றேன்."

மேசைக்குத் திரும்பி, "என் கடன்தாம்மா" என்றான். அவள் அவனையே பார்த்தாள். கடனை ஒப்புக்கொள்ளும் தவணைக் காகிதத்தை நீட்டினாள். இந்த முறை ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.

மாலையில் மேனேஜர் கூப்பிட்டார். கணக்கு இல்லை என்றதும், சரி, வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று வைத்துவிட்டார்.

இருட்டும் நேரத்தில் மனைவி அழைத்தாள்.

"ஏங்க, அக்கா வீட்டு மாமா அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

அவன் மூச்சு விட்டான். "அத்தை என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க? தலையில அடிச்சுக்கிறாங்க. எங்களுக்குத் தெரியாம எதுக்குங்க அவ்வளவு கடன்? அந்தக் காசை என்ன செஞ்சீங்க? மாமா மட்டும் பேங்குல பேசி தவணை வாங்கித் தரலேன்னா உங்களை உள்ள வச்சிருப்பாங்களாமே. மூத்தவர் இருக்கப்போய் பிழைச்சீங்கன்னு அம்மா சொல்றாங்க."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். கடனை வாங்கியது நானே என்று காலையில் எழுதிக் கொடுத்ததன் நகல் சட்டைப்பையில் நாலாய் மடிந்து கிடந்தது.

கூடத்திலிருந்து சகலையின் குரல் கேட்டது. "தம்பி, சாப்பாடு ஆறுது. வா."

"ஏங்க, லைன்ல இருக்கீங்களா?" என்றாள் மனைவி. "வாயைத் திறந்து ஏதாவது சொல்லுங்களேன்."

"இருக்கேன்" என்றான்.