நகர்த்தாத பைகள்

ஐந்து வருஷமாக ஒரு கத்தியைத் தீட்டித் தீட்டி வைத்திருந்தேன். பயப்பட வேண்டாம், நர்சரியில் கன்றுப் பையைக் கிழிக்கிற சின்னக் கத்திதான். அத்தானின் மூஞ்சிக்கு நேராக, பள்ளிக்கூடத் தாளாளர் பார்க்க, அத்தானுடைய பை ஒன்றை அந்தக் கத்தியால் கிழிக்க வேண்டும். வேறு எந்த ஆசையும் எனக்கு இல்லை. கோயில் குளம் என்று போய் மன்னிப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பேசட்டும். எனக்கு அந்தக் குணம் வாய்க்கவில்லை.

அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். அவருடைய நர்சரியில் ஒன்பது வருஷம் முதுகு ஒடிய வேலை செய்தவள் நான். மண் சலிப்பது, உரம் கலப்பது, பை நிரப்புவது, விதை ஊன்றுவது எல்லாம் நானும் அக்காவும்தான். அத்தான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து வருகிறவர்களிடம் சிரிப்பார். அதில் ஆள் கெட்டிக்காரர்.

அங்கே ஒரு பழக்கம் உண்டு. யார் பை நிரப்பினார்களோ அவர்கள் அந்த வரிசையின் முதல் கன்றில் ஒரு துணிக் கிழிசலைக் கட்ட வேண்டும். என்னுடையது நீலம், அக்காவுடையது மஞ்சள். அத்தானுக்கு நிறம் கிடையாது. குனிந்தால்தானே நிறம் வேண்டும்?

பையில் வளரும் கன்றுக்கு ஒரு சங்கதி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பையைத் தூக்கி இடம் மாற்றி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வேர் பையின் ஓட்டை வழியாகத் தரைக்குள் இறங்கிவிடும். இறங்க வழி கிடைக்காத வேரெல்லாம் அடியில் வட்டம் போடும். பையைத் தூக்கினால் வெளியே போன நுனி அறுந்து, உள்ளே புதிதாகச் சல்லிவேர் பிடிக்கும். ஆயிரக்கணக்கான பைகளை இப்படித் தூக்கி வைக்க நாலு நாள் ஆகும், இடுப்பு கழன்றுவிடும். ஆனால் செய்துதான் ஆக வேண்டும்.

"நல்லா வளந்துட்டு இருக்கிறதை எதுக்குத் தூக்கித் தூக்கி வைக்கிற? உனக்கு வேற வேலை இல்லையா?" என்பார் அத்தான். தரைக்குள் வேர் போன கன்று கிடுகிடுவென்று உயரும், இலை பளபளக்கும், வாங்க வருகிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். அவருக்கு அது போதும். ஒரு வேம்பு வரிசையை நகர்த்த விடுங்கள் என்று மூன்று தடவை அவரிடம் போய்க் கேட்டேன். மூன்று தடவையும் விரட்டிவிட்டார். மூன்று தடவையும் அக்கா பக்கத்தில்தான் நின்றாள்.

அந்த வரிசைக் கன்றுகள்தான் தாளாளருடைய பள்ளிக்கூடத்துக்குப் போயின. நட்ட இரண்டாம் வருஷம், ஒரு காற்று. அப்படியொன்றும் ஊரைப் புரட்டிப் போட்ட காற்றில்லை. பதினான்கு மரங்கள் சாய்ந்தன. அதில் ஒன்றை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் தள்ளினார் தாளாளர். வாளிக்குள் சுருட்டி வைத்த கயிறு மாதிரி இருந்தது வேர்.

அத்தானின் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் அரை நிமிஷம்தான். தாளாளரைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். அதே வரிசையில் விற்காமல் மிஞ்சிய பைகள் கிடந்தன. முதல் கன்றில் வெளுத்துப்போன நீலத் துணி. ஒரு பையைக் கிழித்து வேரைத் தூக்கிக் காட்டினார்.

"இந்தத் துணி யாரோடதுன்னு கேளுங்க சார். இவ போட்ட பை. குடும்பத்து ஆளாச்சேன்னு நம்பினேன், ஏமாந்துட்டேன்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். 'அவ கேட்டா, நீங்கதான் விடலை.' இந்த நாலு வார்த்தைக்குமேல் அவள் சொல்லியிருக்க வேண்டியதில்லை. குனிந்த தலை நிமிரவில்லை. குழாய்த் தண்ணீர் ஒரே பையில் விழுந்து வழிந்துகொண்டே இருந்தது.

"வேர்சுருட்டி," என்றார் தாளாளர் என்னைப் பார்த்து. அந்தப் பேர் என் மேல் பச்சை குத்தின மாதிரி ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு எந்த நர்சரியிலும் எனக்கு வேலை கிடைக்கவில்லை. டீக்கடையில்கூட, "என்ன வேர்சுருட்டி, சௌக்கியமா?" என்று கேட்டார்கள். சிரித்துக்கொண்டே கேட்டார்கள், பாவிகள்.

பாழடைந்த செங்கல் சூளை ஒன்றை வாடகைக்குப் பிடித்து என் நர்சரியைத் தொடங்கினேன். நிழல் கிடையாது, காற்று ஆளைத் தள்ளும். அதுவே நல்லதாகப் போயிற்று. விதைக்கு நான் தூரமாக எங்கும் போகவில்லை. மூன்று வருஷம் மழை பொய்த்தபோதும் பட்டுப்போகாமல் நின்ற வேம்புகள் சுற்றுவட்டாரத்தில் ஏழு இருந்தன. அவற்றின் அடியில் பழம் பொறுக்கினேன். கன்று முளைத்த பின் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு பையையும் நானே தூக்கி வைத்தேன். கடைசி இரண்டு மாதம் நிழல்வலையை எடுத்துவிட்டு, தண்ணீரைக் குறைத்து வெயிலில் வாட்டினேன். கன்றுகள் குட்டையாக, இலை மங்கலாக, பார்க்கச் சோகையாகத்தான் இருந்தன. ஆனால் அடித்தண்டு பென்சில் பருமன். ஒவ்வொரு பையைத் தூக்கும்போதும் அத்தானை மனசாரத் திட்டினேன். வேலை அலுக்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

தாளாளர் இரண்டாவது பள்ளிக்கூடம் கட்டினார். பொட்டல் மேடு. சுற்றி வேம்பு வைக்க அத்தானிடம்தான் போனார். அத்தான் மழை கொட்டுகிற மலைப்பக்கத்திலிருந்து விதை வரவழைத்து, நிழலில் வளர்த்த கன்றுகளைக் கொடுத்தார். வேம்புதானே, எந்த வேம்பாக இருந்தால் என்ன என்று நினைத்திருப்பார். முதல் வெயிலிலேயே முக்கால்வாசி கருகின. அதைக் கேள்விப்பட்ட அன்று நான் தாளாளர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

"வேர்சுருட்டியா?" என்று சிரித்தார்.

"ஆமா சார், அவளேதான். ரெண்டு நர்சரிக் கன்னையும் ஒரே இடத்துல வச்சுப் பாருங்க. ஆளுக்கு அம்பது. பையைக் கிழிச்சுப் பாத்து எடுங்க. என்னோடதுல ஒரு வேர் சுருண்டிருந்தாலும் அந்தப் பேரை என் நெத்தியில எழுதிக்கிறேன்."

மனிதர் யோசித்தார். செவ்வாய்க்கிழமை காலை எங்கள் இரண்டு பேரையும் மேட்டுக்கு வரச் சொன்னார்.

நான் முதலில் போய்ச் சேர்ந்தேன். என் வண்டியின் முன்சீட்டில் ஒரு வாளித் தண்ணீர், குவளை, என் கத்தி; பின்னால் என் ஐம்பது கன்றுகள். கொஞ்ச நேரத்தில் அத்தானின் வண்டி வந்தது. கன்றுகளை இறக்கியது அக்கா. ஐந்து வருஷத்தில் அவளை இவ்வளவு பக்கத்தில் பார்க்கவில்லை. கை நகமெல்லாம் மண். என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். நான் வாளியையும் குவளையையும் கத்தியையும் கீழே எடுத்து வைத்தேன்.

அத்தானின் கன்றுகள் என்னுடையதைப் போல இரண்டு மடங்கு உயரம். பச்சைப் பசேலென்று ஆடின.

"என்னம்மா, இது கன்னா இல்ல கீரையா?" என்றார் என்னுடையதைக் காட்டி. தாளாளரும் சிரித்துவிட்டார்.

"சிரிச்சு முடிச்சுட்டீங்கன்னா கிழிக்கலாம் அத்தான்," என்றேன்.

தாளாளரே என் ஐம்பதில் ஒன்றை எடுத்தார். கிழித்து வாளியில் அலசினேன். ஆணிவேர் நேராக, சுற்றிலும் தாடி மாதிரி சல்லிவேர். அவர் இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே. பிறகு அத்தானின் முதல் கன்றை எடுத்துக் கொடுத்தார், இருப்பதிலேயே உயரமானது. கத்தியை இறக்கினேன். அந்தச் சத்தம் இருக்கிறதே, சர்ரென்று, அது காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது. குவளையால் தண்ணீர் ஊற்ற ஊற்ற மண் கரைந்தது. உள்ளே வட்டம் வட்டமாக, விரல் தடிமனில், அதே கயிறு.

தாளாளரின் காது சிவந்தது. "என்ன இது?" என்று அத்தானைப் பார்த்தார்.

இந்த நிமிஷத்தை நான் எத்தனை ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்திருப்பேன்! அத்தான் திக்குவார், திணறுவார், என் காலில் விழாத குறையாக நிற்பார். இப்படியெல்லாம் நினைத்தேனே தவிர, ஒன்றை யோசிக்கவே இல்லை. நான் போன பிறகு அங்கே பை நிரப்ப யார் இருந்தார்கள்?

அத்தான் குனிந்து அந்தக் கன்றின் தண்டிலிருந்து ஒரு துணியை விலக்கிக் காட்டினார். மஞ்சள்.

"இந்தத் துணி யாரோடதுன்னு கேளுங்க சார். இவ போட்ட பை. வீட்டு ஆளாச்சேன்னு நம்பினேன், ஏமாந்துட்டேன்."

ஒரு வார்த்தை மாறவில்லை. வெட்கங்கெட்ட மனுஷன், புதிதாக ஒரு பொய் சொல்லக்கூட மெனக்கெடவில்லை.

"அக்காவும் தங்கச்சியும் ஒரே கைதானா?" என்றார் தாளாளர்.

அக்கா என்னைப் பார்த்தாள். அன்றைக்கு நான் அவளைப் பார்த்தேனே, அதே பார்வை. என் கையில் அந்தப் பையின் அடிப்பாகம் இருந்தது. ஓட்டைக்கு வெளியே ஒரு வேர், வெள்ளையாக, அன்று காலையில் வெட்டின ஈரத்தோடு. தரையோடு ஒட்டிப்போனதை அரிவாளால் அறுத்துக் கிளப்பியிருக்கிறார்கள். மாசக்கணக்கில் பையை நகர்த்தவே இல்லை என்பதற்கு அந்த வெட்டே சாட்சி. நகர்த்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் யார் என்பதும் எனக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தால் போதும்.

திறக்கவில்லை. குவளையில் இருந்த தண்ணீரை அந்த வேரின் மேல் ஊற்றிக்கொண்டே இருந்தேன். கழுவ அதில் ஒன்றும் மிச்சமில்லை. நில்லுடி, நின்று பார், எப்படி இருக்கிறது என்று பார், என்று மனசுக்குள் சொன்னேன். நல்லா இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், ரொம்ப நல்லா இருந்தது. அவள் உதடு நடுங்கியது. அதையும் பார்த்தேன்.

பிறகு பையைத் திருப்பித் தாளாளரின் கையில் கொடுத்தேன்.

"இந்த ஓட்டையைப் பாருங்க சார். இன்னைக்குக் காலையில வெட்டின வேர். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பையை நகர்த்தியிருந்தா இப்படி வராது. துணி யாரோடதுன்னு கேட்டீங்க. நகர்த்த விடாதது யாருன்னும் கேளுங்க. நான் சொன்னா எடுபடாது, நான்தான் வேர்சுருட்டி ஆச்சே. அவளைக் கேளுங்க."

"ஏய், வண்டியில ஏறு," என்றார் அத்தான் அக்காவிடம்.

அக்கா நகரவில்லை. தலை குனிந்துதான் இருந்தது. குரல் மட்டும் வந்தது.

"இவர்தான் விடலை சார். எத்தனை தடவை கேட்டாலும் விடலை." அப்புறம் மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள். "அப்பவும் விடலை. அந்தப் பதினாலு மரத்துக்கும் என் தங்கச்சி மூணு தடவை கேட்டா. நான் பக்கத்துலதான் நின்னேன். எல்லாம் தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு நின்னேன்."

தாளாளர் என்னை ஒரு தடவை பார்த்தார், சாய்த்துக் கிடத்திய கன்றை ஒரு தடவை பார்த்தார். "எல்லாத்தையும் நீயே கொண்டு வாம்மா," என்றார். 'வேர்சுருட்டி' என்று சொல்லவில்லை. அத்தான் என்னென்னவோ கத்தினார். தாளாளர் காதில் வாங்காமல் நடந்தார். அத்தானின் வண்டி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று. மூக்கறுபட்ட மனுஷனுக்கு அக்காவை ஏற்றிக்கொண்டு போகத் தோன்றவில்லை, அல்லது தோன்றித்தான் விட்டுவிட்டுப் போனார்.

ஊற்றின தண்ணீரில் சேறான மண்ணை மிதித்துக்கொண்டு அக்கா பக்கத்தில் வந்தாள்.

"என்னைக் காப்பாத்திட்டடி."

"காப்பாத்தலக்கா. நான் நின்ன இடத்துல உன்னைக் கொஞ்ச நேரம் நிக்க வச்சேன். பாத்தியா, எப்படி இருக்குன்னு?"

"பாத்தேன்," என்றாள். கையில் மஞ்சள் துணி இருந்தது, எப்போது அவிழ்த்தாளோ. புழுதி அடங்கும்வரை வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் கேட்டாள்.

"இப்ப நான் எந்த வீட்டுக்குடி போறது?"

அழுதால் என்ன சொல்வது, சண்டைக்கு வந்தால் என்ன சொல்வது, மன்னிப்புக் கேட்டால் மூஞ்சிக்கு நேரே என்ன சொல்வது என்று ஐந்து வருஷமாகப் பதில்களைக் கூர்தீட்டி வைத்திருந்தேன். இந்தக் கேள்வியை மட்டும் நான் எதிர்பார்க்கவில்லை. நாசமாய்ப் போக, என்று யாரைச் சொன்னேனோ தெரியவில்லை. வாளியிலிருந்து முன்சீட்டில் சிந்தியிருந்த ஈரத்தைத் துடைத்தேன், வாளியைத் தூக்கிப் பின்னால் கன்றுகளோடு போட்டேன்.

"ஏறு," என்றேன்.